காட்டுக்குதிரைகளைப் பராமரிக்க அமெரிக்கா போகலாமா?

கேள்வி இதுதான்: கோவையில் ஐடி வேலை, மூன்று மாதம் விடுப்பு எடுக்க முடியும், குதிரைப் பழக்கம் கிடையாது. அமெரிக்காவில் மீட்கப்பட்ட காட்டுக்குதிரைகளை வைத்திருக்கும் சரணாலயம் ஒன்றில் தன்னார்வலராகப் போய் வேலை செய்ய ஆசை. ஒரு ஏஜென்சி லட்சக்கணக்கில் கேட்கிறது. போகலாமா, அனுபவம் இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களா, விசா என்ன?

போகலாம். அனுபவம் இல்லாதவர்களையும் நிறைய இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் குதிரையைத் தடவிக்கொடுக்கலாம், கூடவே ஓடலாம், அது நம்மை நம்பி வரும் என்கிற படம் ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டுக் குடும்பத்தோடு நெவாடா மாநிலத்தில் ரீனோ பக்கம் சில வருடங்கள் இருந்தபோது, வார இறுதிகளில் இப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை ஒரு சரணாலயம் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: வந்தவர்களை எவ்வளவு சீக்கிரம் குதிரை மேல் கை வைக்க விடுகிறார்கள்? சீக்கிரம் விட்டால் அங்கே போகாதீர்கள்.

ஏன் என்று புரிய, அந்தக் குதிரைகள் எங்கிருந்து அங்கே வந்து சேர்கின்றன என்று தெரிய வேண்டும். இதை எப்படியும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும், ஏனென்றால் அங்கே பெட்ரோல் பங்கில் நிற்பவருக்குக்கூட மஸ்டாங் என்கிற இந்தக் காட்டுக்குதிரை பற்றி உரத்த அபிப்பிராயம் ஒன்று இருக்கும். குதிரைக் குடும்பம் உருவானதே வட அமெரிக்காவில்தான். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அது அடியோடு அழிந்துபோனது. பிறகு ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தவை, பண்ணைகளிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் தப்பியவை, வேண்டாமென்று அவிழ்த்துவிடப்பட்டவை எல்லாம் கலந்து பெருகியதுதான் இன்றைய மஸ்டாங். அதனால் ஒரு தரப்பு இதை மண்ணுக்குரிய விலங்கு என்கிறது, இன்னொரு தரப்பு, ஊர்மாடு காட்டுக்குள் போய்ப் பெருகினால் அது காட்டெருமை ஆகிவிடுமா என்று கேட்கிறது. மாடு மேய்ப்பவர்கள் எல்லாம் வில்லன்கள், குதிரைக்காரர்கள் எல்லாம் நல்லவர்கள் என்கிற கதையோடு போய் இறங்கினால் முதல் வாரமே தடுமாறுவீர்கள். அந்தப் பாலைநிலத்தில் மழை குறைவு, புல் குறைவு, அதே புல்லை நம்பி மாடும் மானும் முயலும் இருக்கின்றன.

1950-களில் இந்தக் குதிரைகளை விமானத்தில் விரட்டி, லாரியில் துரத்திப் பிடித்து, நாய், பூனைத் தீவனத்துக்காகக் கசாப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரீனோவில் அலுவலக வேலை பார்த்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி, ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்துப் பின்தொடர்ந்து போய், அதிலிருந்து இதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். ஏளனமாக வைக்கப்பட்ட 'காட்டுக்குதிரை ஆனி' என்ற பெயரையே பிறகு அவர் தன் பெயராக வைத்துக்கொண்டார். அவருடைய முயற்சியால் 1959-இல் மோட்டார் வண்டியில் துரத்துவதைத் தடுக்கும் சட்டமும், பள்ளிக் குழந்தைகள் எழுதிக் குவித்த கடிதங்களின் உதவியோடு 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட பாதுகாப்புச் சட்டமும் வந்தன.

சட்டம் வந்ததும் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. குதிரை மந்தை ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம்வரை பெருகும், அதாவது நான்கைந்து ஆண்டில் இரட்டிப்பாகும். பிஎல்எம் என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகம் தன் பொறுப்பில் உள்ள நிலம் சுமார் 25,500 குதிரை, கழுதைகளைத்தான் தாங்கும் என்கிறது. 2020-இல் அங்கே இருந்தவை 95,000-க்கு மேல், 2024-இல் 73,000 சொச்சம். அதில் பாதிக்கு மேல் நெவாடாவில். அதனால் ஹெலிகாப்டர் வைத்து மந்தைகளை ஓட்டிவந்து கம்பி வேலிகளுக்குள் அடைக்கிறார்கள். வாயிலருகே பழக்கப்பட்ட குதிரை ஒன்றைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள், மந்தை நெருங்கி வரும்போது அதை அவிழ்த்துவிட்டால் அது நேராக உள்ளே ஓடும், மற்றவை பின்னாலேயே ஓடி மாட்டிக்கொள்ளும். அதற்கு யூதாஸ் குதிரை என்றே பெயர்.

பிடிபட்டவற்றின் கழுத்தில் இடது பக்கம், பிடரிமயிருக்குக் கீழே, திரவ நைட்ரஜனில் குளிரவைத்த முத்திரையை வைத்து அழுத்துவார்கள். அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். கோணங்கோணமான அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் குதிரை பிறந்த ஆண்டும் பதிவு எண்ணும் தெரிந்துவிடும். நீங்கள் போகிற சரணாலயத்தில் பெரும்பாலான குதிரைகளின் கழுத்தில் இதைப் பார்க்கலாம். பழக்கப்படுத்தாத குதிரைக்குக் குறைந்தபட்சத் தத்துக் கட்டணம் 125 டாலர், ஓராண்டு ஒழுங்காக வைத்திருந்தால் உரிமை மாறும். யாரும் எடுக்காதவை அரசின் செலவிலேயே அடைப்புகளிலும் ஒப்பந்த மேய்ச்சல் நிலங்களிலும் காலத்தை ஓட்டுகின்றன, இப்படி இருப்பவை மட்டும் 60,000-க்கு மேல். 2004-இல் வந்த ஒரு திருத்தம், 10 வயதைத் தாண்டியவற்றையும் மூன்று முறை தத்துக்கு வைத்தும் போகாதவற்றையும் விற்க வழி திறந்துவிட்டது. அமெரிக்காவுக்குள் குதிரை வெட்டும் கூடங்கள் 2007-இலேயே மூடப்பட்டுவிட்டன, ஆனால் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரி போய்க்கொண்டுதான் இருந்தது.

ஆக 'மீட்கப்பட்டது' என்று சொன்னால் அது பல விதம். ஏலச் சந்தையில் இறைச்சி வியாபாரியின் கைக்குப் போகவிருந்தது, தத்தெடுத்தவர் சமாளிக்க முடியாமல் பட்டினி போட்டது, குடும்பத்தோடு பிடிபட்டு, பிரிக்காமல் வைத்திருப்போம் என்று யாரோ மொத்தமாக வாங்கியது. மூன்றுக்கும் பராமரிப்பு ஒன்றல்ல. நடுவில் இன்னொரு விஷயம்: 'வெள்ளிக்கிழமைக்குள் இத்தனை டாலர் வராவிட்டால் இந்தக் குதிரை கசாப்புக்கு' என்று சமூக வலைத்தளங்களில் வரும் பதிவுகளுக்குப் பணம் அனுப்புமுன் ஆயிரம் தடவை யோசியுங்கள். அதில் ஒரு பகுதி சந்தை விலையைவிடக் கூட்டி விற்கும் தரகர்களின் தொழில். மீட்பதற்காக நீங்கள் அனுப்பிய பணத்தில் அவர்கள் அடுத்த வாரம் வேறு குதிரை வாங்கி அதே படத்தைப் போடுவார்கள்.

சரி, வேலை என்ன என்று பார்ப்போம். பெரும்பாலும் உலர்புல், தண்ணீர், வேலி, லத்தி என்கிற குதிரைச் சாணம். 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கிலோ உலர்புல் தின்னும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு குதிரைக்கு மூன்று டன்னுக்கு மேல், நூறு குதிரைக்கு முந்நூறு டன்னுக்கு மேல். அதையெல்லாம் யாராவது லாரியிலிருந்து இறக்கி அடுக்கி, பிரித்து, வண்டியில் ஏற்றிப் போட வேண்டும், அந்த யாராவது நீங்கள்தான். மேற்கு மாநிலங்களில் கிடைக்கும் மூன்று கயிறு போட்ட புல்கட்டு ஒன்று 45 முதல் 55 கிலோ. அதைத் தனியாகத் தூக்கிக் காட்ட வேண்டியதில்லை, இரும்புக் கொக்கியில் மாட்டி முழங்காலால் உந்தித் தள்ளக் கற்றுக்கொடுப்பார்கள். கட்டை அறுத்தால் புல் தட்டுத்தட்டாகப் பிரியும். ஒவ்வொரு தட்டையும் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துத்தான் போட வேண்டும். நல்ல புல் தேயிலைபோல மணக்கும், பூஞ்சை பிடித்தது மக்கிய வாடையோடு தூசி கிளப்பும். பூஞ்சைப் புல் தின்றால் குதிரைக்கு வயிறு கெடும், மூச்சுக்குழல் கெடும். அறுத்த கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு வரக்கூடாது, காலில் சுற்றிக்கொள்ளும், வயிற்றுக்குள் போனால் குடலை அடைக்கும். அதனால் அங்கே நீண்ட நாள் வேலை செய்பவர்களின் பின் பாக்கெட்டில் எப்போதும் ஆரஞ்சு நிற நைலான் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும், துணி துவைக்கும்போதுதான் நினைவு வந்து எடுப்பார்கள்.

தண்ணீர் சாதாரண வேலையாகத் தெரியும், அதுதான் முக்கியம். ஒரு குதிரைக்கு நாளுக்கு 20 முதல் 40 லிட்டர், வெயிலில் இன்னும் அதிகம். கோடையில் தொட்டியில் பாசி, குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி. காலையில் கோடாரியாலோ கடப்பாரையாலோ உடைத்துத் துண்டுகளை வெளியே எடுத்துப் போட வேண்டும், அப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் திரும்ப ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு உலர்புல்லையே தின்னும் குதிரைக்குக் குடலில் சாணம் இறுகிக்கொள்ளும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியுமா தெரியவில்லை, உணவுக்குழல் இரைப்பையில் சேரும் இடத்திலுள்ள தசை அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும், அதனால்தான் குதிரைக்கு வயிற்றுவலி என்றால் மருத்துவர் நடுராத்திரியிலும் ஓடிவருகிறார். தன்னார்வலரின் உண்மையான பயன் இங்கேதான். நாளும் இரண்டு வேளை புல் போடுகிற ஆளுக்குத்தான், வழக்கமாக முதல் ஆளாக வரும் கிழட்டுப் பெட்டை இன்று தள்ளி நிற்கிறது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறது, முன்காலால் மண்ணைச் சுரண்டுகிறது, காலையிலிருந்து லத்தி போடவில்லை என்பதெல்லாம் கண்ணில் படும். கண்ணில் பட்டதைக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி, பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். நீங்களே வைத்தியம் பார்க்கக்கூடாது. ஐடியில் இருந்தவர்களுக்கு இந்தக் குறிப்பேடு நன்றாக வரும், இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

லத்தி அள்ளுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு குதிரை ஒரு நாளைக்கு 20 கிலோ போடும், திறந்தவெளியில் இருப்பதை விட்டுவிடலாம், அடைப்பில் இருப்பதை அள்ள வேண்டும். வேலி வேலை சுவாரசியமானது. பழைய பண்ணை நிலங்களில் முள்கம்பி எங்கெங்கோ புதைந்து கிடக்கும். பயந்து ஓடுகிற குதிரை அதில் மாட்டினால் கால் எலும்புவரை கிழிந்துபோகும். குறடும் தடிமனான கையுறையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க முள்கம்பியைச் சுருட்டி எடுப்பதைத்தான் பல இடங்களில் புதியவர்களுக்குக் கொடுப்பார்கள். குதிரை கண்ணிலேயே படாத நாட்கள் உண்டு.

பட்டினியில் வந்த குதிரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், நல்ல மனது கெடுதல் செய்யும் இடம் அது. குதிரையின் உடல் நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெக்கி அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1 என்றால் வெறும் எலும்பும் தோலும், 5 சரியான உடம்பு. விலா எலும்பை மட்டும் பார்த்துச் சொல்வதல்ல, கழுத்து, தோள், முதுகு, வால் தொடங்கும் இடம் என்று ஆறு இடங்களைப் பார்க்க வேண்டும், குளிர்கால முடி அடர்ந்திருந்தால் கண் ஏமாற்றும். அளவுகோலில் 1-இல் இருக்கும் குதிரை வந்து இறங்கியதும் ஓட்ஸும் வெல்லப்பாகு கலந்த தீவனமும் வயிறு நிறையக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். கொடுத்தால் சில நாளில் செத்துப்போகும். நீண்ட பட்டினிக்குப் பின் மாவுச்சத்து திடீரென்று உள்ளே போகும்போது இன்சுலின் ஏறுகிறது, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்படுகின்றன, இதயமும் மூச்சும் தடுமாறுகின்றன. கலிபோர்னியாவின் யூசி டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து, மாவுச்சத்து குறைவாகவும் புரதமும் தாதுக்களும் கூடுதலாகவும் உள்ள அல்ஃபால்ஃபா, அதாவது நம்மூர்க் குதிரைமசால், அதைச் சிறிது சிறிதாக ஒரு நாளைக்குப் பல வேளை கொடுத்து, பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுவதுதான் பாதுகாப்பு என்று கண்டார்கள். அந்தப் பத்து நாளும் குதிரை இன்னும் வேண்டும் என்று உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும், நீங்கள் ஒரு கைப்பிடியோடு திரும்பி வர வேண்டும். நான் பார்த்த தன்னார்வலர்களில் பாதிப் பேருக்கு 50 கிலோ புல்கட்டைத் தூக்குவதைவிட இதுதான் கடினமாக இருந்தது.

புதிதாக வந்த குதிரைகளைப் பொதுவாக ஒரு மாதம் தனியே வைப்பார்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் என்று ஒரு தொற்று, தாடைக்கு அடியில் நெறிகட்டிச் சீழ் பிடிக்கும், வாளியிலும் பூட்ஸிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு மற்ற மந்தைக்குப் பரவும். அதனால் தனி அடைப்புக்கு வேலை செய்பவர் கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும், வெளியே வந்து கிருமிநாசினித் தொட்டியில் பூட்ஸைக் கழுவ வேண்டும். இந்த ஒழுங்கு ஒரு இடத்தில் இருக்கிறதா இல்லையா என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது தொடுவதற்கு வருகிறேன். காட்டில் பிறந்து வளர்ந்த குதிரைக்கு மனிதன் வேட்டைவிலங்கு. அதற்கு மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் பார்வை எட்டாது, அங்கிருந்து நெருங்கினால் உதை நிச்சயம். பக்கவாட்டில் தோளைப் பார்த்து, வளைந்து வளைந்து, நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல் போக வேண்டும். காது பின்னால் படிந்தால், வால் விசிறினால், எடை பின்கால்களுக்கு மாறினால் நின்று ஒரு அடி பின்னால் வர வேண்டும். பழக்குபவர்கள் செய்வது இவ்வளவுதான்: நெருங்கி ஒரு அழுத்தம் கொடுப்பது, குதிரை ஒரு நூலளவு தளர்ந்தாலும் உடனே பின்வாங்குவது. விலகுவதுதான் அதற்குக் கொடுக்கும் பரிசு. இதை நூற்றுக்கணக்கான தடவை, பல வாரங்கள். நெவாடாவின் கார்சன் சிட்டியில் உள்ள சிறையில் கைதிகள் மஸ்டாங்குகளை இப்படிப் பழக்கி ஏலத்தில் விடுகிறார்கள், பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். பல மாதம் பொறுமையாகச் செய்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நல்ல இடம். தத்துக்குப் போகப்போகிற குதிரைக்குத்தான் இந்தப் பழக்கமெல்லாம் தேவை. வாழ்நாள் முழுக்க மந்தையாகவே இருக்கப்போகும் குதிரையை ஒவ்வொரு வாரமும் வந்து போகும் புதியவர்களின் கைக்குப் பழக்குவதால் அதற்கு ஒரு நன்மையும் இல்லை. தாயில்லாக் குட்டியைக் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தால் இன்னும் மோசம், மனிதரைத் தன் இனமாக நினைத்து வளரும் ஆண் குட்டி மூன்று வயதில் விளையாட்டாகக் கடித்து, முன்காலைத் தூக்கித் தோளில் போடும். அப்போது அதன் எடை 350 கிலோ இருக்கும்.

குளம்பு வெட்டுவதுகூடத் தலைவலிதான். திறந்தவெளியில் கல்லும் கரடுமாக நெடுந்தூரம் நடப்பதால் தானாகத் தேயும், மென்மையான புல்வெளியில் தேயாது. பழகிய குதிரை காலைத் தூக்கிக் கொடுக்கும், பழகாததை இருபக்கமும் மெத்தை வைத்து அழுத்தும் கூண்டுக்குள் ஓட்டி, சில நேரம் மயக்க ஊசி போட்டுத்தான் வெட்ட முடியும். அந்த நாளில் உங்கள் வேலை கதவைச் சரியான நொடியில் மூடுவது, வாயைத் திறக்காமல் நிற்பது.

எந்த இடத்துக்கு எழுதுவது? தெற்கு டகோட்டாவில் டேட்டன் ஹைட் 1988-இல் தொடங்கிய பிளாக் ஹில்ஸ் காட்டுக்குதிரைச் சரணாலயம், கலிபோர்னியாவின் லோம்போக் பகுதியில் குடும்பக் கூட்டங்களைப் பிரிக்காமல் வைத்திருக்கும் ரிட்டர்ன் டு ஃபிரீடம், வட கலிபோர்னியாவில் ஷிங்கிள்டவுன் அருகே உள்ள வைல்டு ஹார்ஸ் சாங்க்சுவரி போன்றவை பல ஆண்டுகளாக நடப்பவை. ஆனால் பெயரை நம்பிப் போகாமல் கேள்வி கேளுங்கள். எத்தனை குதிரை, எத்தனை ஏக்கர்? குளிர்காலத்துக்குப் புல் வாங்கியாயிற்றா? ஆண்குதிரைகளைக் காயடிக்கிறார்களா, அல்லது பெட்டைகளுக்குக் கருத்தடை ஊசியா? குட்டி பிறக்க விடுகிற 'மீட்பு மையம்' என்பது எனக்கு ஏற்புடையதல்ல, ஏற்கனவே இடமில்லாமல் 60,000 குதிரை காத்திருக்கும்போது புதுக் குட்டியைக் காட்டி நன்கொடை கேட்பது நியாயமில்லை. 2016-இல் தெற்கு டகோட்டாவிலேயே, நல்ல பெயரோடு இருந்த ஒரு சரணாலயம் கட்டுப்பாடில்லாமல் பெருகவிட்டுப் புல் வாங்கக் காசில்லாமல் போய், 800-க்கும் மேற்பட்ட குதிரைகளை அதிகாரிகள் பொறுப்பெடுக்க வேண்டியதாயிற்று. நடத்தியவர்களுக்குக் குதிரை மேல் அன்பு இல்லாமல் இல்லை, கணக்குதான் இல்லை. அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் படிவம் 990 பொதுவில் கிடைக்கும், அதில் தீவனத்துக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். சரணாலயங்களின் உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இருந்தால் கூடுதல் நம்பிக்கை, இல்லாததாலேயே மோசம் என்று ஆகாது.

கருத்தடை ஊசி என்றேனே, அது தனி உலகம். பன்றியின் சினைமுட்டை உறையிலிருந்து எடுத்த பிஇசட்பி என்ற தடுப்பு மருந்தை ஈட்டி ஊசியாகத் துப்பாக்கியில் வைத்துத் தூரத்திலிருந்து பெட்டைகளின் தொடையில் சுடுவார்கள். கிழக்குக் கரையில் அசடீக் தீவில் 1988-இல் தொடங்கியது இந்த முறை. ரீனோவை ஒட்டிய வர்ஜீனியா மலைத்தொடரில் பெரும்பாலும் தன்னார்வலர்களே இதைச் செய்கிறார்கள், ஒவ்வொரு பெட்டையையும் நெற்றிச் சுட்டியையும் கால் வெள்ளையையும் வைத்து அடையாளம் கண்டு, படம் எடுத்து, எப்போது ஊசி போட்டது என்று தரவுத்தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சுடுவதற்குச் சான்றிதழ்ப் பயிற்சி வேண்டும், மூன்று மாதம் வருபவருக்கு அது நடக்காது. ஆனால் படங்களை ஒப்பிட்டு அடையாளம் காணும் வேலை, தரவுத்தள வேலை எல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. இப்படிப்பட்ட குழுக்களுக்குக் கோவையிலிருந்தே உதவ முடியுமா என்று கேட்டுப்பாருங்கள், உண்மையாகவே ஆள் தேவைப்படும் இடம் இது.

ஏஜென்சி வேண்டாம் என்றதற்குக் காரணம் எளிது: நீங்கள் கட்டும் பணத்தில் புல்லுக்கு எவ்வளவு போகிறது என்று அவர்களால் சொல்ல முடிவதில்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்கென்று சரணாலயமே நேரடியாகக் கட்டணம் கேட்டால் அது நியாயம். அதோடு ஏஜென்சி சொல்லும் 'சுற்றுலா விசாவில் போங்க, எதுவும் கேட்க மாட்டாங்க' என்ற பேச்சை நம்பாதீர்கள். அமெரிக்காவுக்கு இதற்கென்று தெளிவான வழியே இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மத நிறுவனம் அல்லது இலாப நோக்கற்ற தொண்டு நிறுவனத்தின் தன்னார்வத் திட்டத்தில், அமெரிக்காவிலிருந்து சம்பளம் எதுவும் வாங்காமல் வேலை செய்பவர் பி-1 விசாவில் போகலாம். தங்குவதற்கான செலவை ஈடுகட்டும் படி வாங்கலாம். பொருள் விற்பதோ நன்கொடை திரட்டுவதோ கூடாது. நிறுவனத்திடமிருந்து கடிதம் ஒன்று வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். உங்கள் பெயர், பிறந்த தேதி, ஊர், இந்தியாவின் நிரந்தர முகவரி, அங்கே முதலில் தங்கும் இடம், எவ்வளவு காலம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், விமான நிலையத்தில் அதைத்தான் கேட்பார்கள். நேர்காணலில் உண்மையைச் சொல்லுங்கள். இன்னொன்று, காசுக்குச் சவாரி விடும் தனியார் பண்ணையில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பதிலாக வேலை செய்வது இதற்குள் வராது, அது வேலைவாய்ப்பாகவே கருதப்படும். மாட்டினால் பிறகு விசா கிடைப்பதே தலைவலி. இந்தியாவில் நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் முதலில் தேதி, அப்புறம் விமானச்சீட்டு. இங்கிலாந்து என்றால் பார்வையாளர் விசாவில் போகிறவர் பதிவுபெற்ற தொண்டு அமைப்பில் 30 நாள்வரை தன்னார்வ வேலை செய்யலாம், ஆனால் அதுவே பயணத்தின் முக்கிய நோக்கமாக இருக்கக்கூடாது.

கிளம்புமுன் டெட்டனஸ் ஊசி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், குதிரை லத்தியும் மண்ணும் துருக்கம்பியும் சேர்ந்த இடம். பயணக் காப்பீட்டில் விலங்குகளோடு செய்யும் உடலுழைப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படியுங்கள், பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள், அதைச் சேர்க்கக் கூடுதல் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் ஒரு எலும்பு முறிவு உங்கள் ஒரு வருடச் சேமிப்பைக் கரைத்துவிடும். கார் ஓட்டத் தெரியாவிட்டால் சிரமம், கடை முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சைவம் என்றால் முன்பே சொல்லுங்கள், சமைத்துக்கொள்ளும் வசதி கேளுங்கள், குக்கர் கொண்டுபோங்கள். செருப்போ ஸ்போர்ட்ஸ் ஷூவோ போட்டுக்கொண்டு அடைப்புக்குள் போகக்கூடாது, கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் வேண்டும்.

அமெரிக்காதான் என்று இல்லை. நியூசிலாந்தில் வையூரு ராணுவ நிலத்தில் திரியும் கைமனாவா மந்தையை 300 என்ற அளவில் வைத்திருக்க அவ்வப்போது பிடிக்கிறார்கள், வீடு கிடைக்காதவை கசாப்புக்குப் போகும் என்பதால் தத்து அமைப்புகளுக்கு அந்தச் சில வாரங்கள் கடும் நெருக்கடி. ஆஸ்திரேலியாவில் பிரம்பி எனப்படும் அவர்களுடைய காட்டுக்குதிரை விவகாரம் இன்னும் சூடானது, கோசியஸ்கோ பூங்காவில் 2023-இல் வானிலிருந்து சுடவே அனுமதித்தார்கள். ருமேனியாவில் டான்யூப் கழிமுகத்து லெட்டியா காட்டுக் குதிரைகள், கம்யூனிசம் விழுந்து கூட்டுப்பண்ணைகள் கலைந்தபோது அவிழ்த்துவிடப்பட்டவற்றால் பெருகியவை.

இவ்வளவு தூரம் போகுமுன் ஒரு மாதமாவது இங்கேயே குதிரையோடு இருந்து பாருங்கள் என்பேன். நீலகிரியில் மசினகுடி பக்கம் மாவனல்லாவில் ஐபான் என்ற அமைப்பு கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் வைத்துப் பராமரிக்கிறது, ஊட்டியில் சீசன் முடிந்ததும் தெருவில் விடப்படும் மட்டக்குதிரைகளின் கதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கோவையிலிருந்து எவ்வளவு தூரம்? எழுதிக் கேளுங்கள். காட்டுக்குதிரையே பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரையில் இருக்கிறது, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவில் இருக்கிறது. குறிகட்டுவானில் படகேறினால் ஒரு மணி நேரம், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே பவளக்கல் வேலிகளுக்கு இடையே திரிகின்றன, கடும் வறட்சியில் குடிக்க நீரில்லாமல் சாகவும் செய்கின்றன. அங்கே தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும் நெவாடாவில் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும் ஒரே வேலைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் அமெரிக்காதான் என்றால், சரணாலயத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் சின்ன வயதிலிருந்தே குதிரைகள்மேல் எவ்வளவு பிரியம் என்று ஆரம்பிக்காதீர்கள், வருகிற எல்லாக் கடிதமும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், வண்டி ஓட்டத் தெரியுமா, வெல்டிங், தச்சு, மின்வேலை, கணினி என்று என்ன தெரியும், மாவனல்லா மாதிரி இடத்தில் எத்தனை நாள் வேலை செய்தீர்கள், அங்கே யாரிடம் விசாரிக்கலாம், இதை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். குளிர்காலத்தில் வரத் தயார் என்று ஒரு வரி சேர்த்தால் பதில் சீக்கிரம் வரும், கோடையில்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.